கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவனில் தீப்பொறி: பலமுறை சொல்லியும் தீராத புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை மேலாளர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் புகார் எண்களை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. நான் போன் செய்த ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை மூடிவிட்டுப் புது எண் கொடுத்தது உங்கள் ஆட்கள்தான். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஓவன் எந்த மாடல், எந்தக் கடையில் வாங்கியது, வாரண்டி எதுவரை என்பதும் இருக்கும். ஆனாலும் போன் எடுக்கிற ஒவ்வொருவரும் ‘மாடல் நம்பர் சொல்லுங்க மேடம்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இனி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சாம்பாரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மைக்ரோவேவில் சூடு செய்துகொண்டிருந்தபோது, உள்ளே வலது பக்கச் சுவரில் சட்சட்டென்று சத்தம் கேட்டது. கூடவே பொறி பறந்தது. அந்த இடத்தில் மைக்கா தகடு இருப்பது உங்களுக்குத் தெரியும். உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினேன். அன்றே புகார் கொடுத்தேன். அதுவரை அது ஒரு சின்னக் கோளாறுதான். அதைப் பெரிதாக்கியது நீங்கள் அனுப்பிய டெக்னீஷியன்.

வந்தவர் கதவைத் திறந்து பார்த்ததுமே ‘க்ளீனிங் சரியில்ல’ என்றார். அப்புறம் என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரையே கேட்டு வாங்கி, உள்சுவரை அழுத்தித் தேய்த்தார். ‘அண்ணா, அதுல தேய்க்கக் கூடாதுன்னு உங்க புக்லயே போட்டிருக்கே’ என்றேன். ‘நாங்க டெய்லி பாக்குறது மேடம்’ என்று பதில் வந்தது. மைக்காவில் கறுத்திருந்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினார். விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஜிஎஸ்டியும் போட்டு, ‘க்ளீனிங் டன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். மறுநாள் ஒரு டம்ளர் பால் சூடு செய்ய வைத்தேன். மைக்காவில் ஓட்டை விழுந்து புகை வந்தது.

மைக்கா என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானிலிருந்து அது உணவு வைக்கும் அறைக்குள் வருகிற வழியை அதுதான் மூடியிருக்கிறது. எண்ணெயும் குழம்பும் தெறித்து அங்கே கருகிவிட்டால் அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி வரும். அந்த நிலையில் தகட்டை மாற்றுவதுதான் முறை, சுரண்டுவது இல்லை. சுவரின் பூச்சைக் கம்பி நாரால் கீறினால் கீறிய இடத்தில் துருப்பிடிக்கும், அப்புறம் அங்கிருந்தும் பொறி கிளம்பும். ஒரு வீட்டுப் பெண் படித்துத் தெரிந்துகொண்ட இந்த விஷயம், உங்கள் சட்டை போட்டுக்கொண்டு வந்தவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

நான் எப்படிச் சுத்தம் செய்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ‘கஸ்டமர் மெயின்டனன்ஸ் சரியில்லை’ என்று நீங்கள் பதிவு செய்திருப்பதாகப் பிறகு தெரிந்தது, அதற்காக. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டுகளும் போட்டு, சில நிமிடம் மைக்ரோவேவில் கொதிக்க விட்டு, கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் ஆவியில் ஊறவைப்பேன். அப்புறம் மெல்லிய துணியால் துடைப்பேன். சுழல்தட்டையும் அதன் கீழிருக்கும் வளையத்தையும் தனியே எடுத்துக் கழுவிக் காயவைத்துத்தான் திரும்ப வைப்பேன். கதவின் ஓரங்களைக்கூட விடுவதில்லை. கன்வெக்‌ஷனில் (சூடான காற்றைச் சுழலவிட்டுச் சமைக்கும் முறை) 200 டிகிரியில் வேகும்போது தெறிப்பது சுவரிலேயே சுட்டு ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணிக்கு மட்டும் போகாது. அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்துத் துடைக்கிறேன். மின்விசிறி ஓட்டைகள் இருக்கிற பின்சுவரில் தண்ணீர் படவிடுவதில்லை. ஓவன் க்ளீனர் ஸ்ப்ரே எதையும் கிட்டே கொண்டுவந்ததில்லை. மேலே கிரில் கம்பிக்கு அருகில் கை வைக்க அது முழுதாக ஆறும்வரை காத்திருக்கிறேன். இதில் எது சரியில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நானே தேடிக் கற்றுக்கொண்டேன். வாங்கும்போது டெமோவுக்கு ஆள் வருவார் என்றார்கள், கடைசிவரை வரவில்லை. பெட்டியில் இருந்த கையேட்டில் இங்கிலீஷும் இந்தியும் இருக்கின்றன, தமிழ் ஒரு வரி இல்லை. சென்னையில் கடைகடையாக அடுக்கி வைத்து விற்கிறீர்கள், தமிழில் பத்துப் பக்கம் அச்சடிக்க முடியாதா? என் மாமியார் நன்றாகச் சமைப்பவர், தமிழ் நன்றாகப் படிப்பவர். இந்த ஓவனைத் தொட அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நீங்கள்தான் காரணம்.

சந்தேகம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். காலியாக ஓட்டவே கூடாது என்றார் ஒருவர். மைக்ரோவேவில்தான் காலியாக ஓட்டக் கூடாது, கன்வெக்‌ஷனில் ப்ரீஹீட் செய்ய, அதாவது முன்கூட்டிச் சூடேற்ற, காலியாகத்தான் ஓட்ட வேண்டும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. சமைத்து முடித்ததும் பிளக்கை அணைத்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். உள்ளே விசிறி ஓடி ஆறும்வரை அணைக்காதீர்கள் என்று உங்கள் கையேடு சொல்கிறது. யாரை நம்புவது?

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. மைக்கா ஓட்டையான அன்று பேசியவர், நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டு, ‘கேக் டின் அலுமினியமா? அதான் ஸ்பார்க் வந்திருக்கு, உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல’ என்றார். நான் கேக் செய்வது வெறும் கன்வெக்‌ஷனில். அதில் மேக்னட்ரான் ஓடாது, கம்பியும் விசிறியும்தான் வேலை செய்யும். உலோக டின் வைக்கலாம் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. பொறி வந்ததோ மைக்ரோவேவில், கண்ணாடிக் கிண்ணம் வைத்தபோது. இதைப் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டது இது: ‘வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க.’

ஓவனை வாங்கியது என் பணத்தில். சமைப்பது நான், துடைப்பது நான், கையேட்டை வரி விடாமல் படித்தது நான். என்னிடம் பேச மாட்டாராம்.

சரி என்று என் கணவரிடம் கொடுத்தேன். வெளி மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறார்! என் கணவர் ரயில்வே பணிமனையில் மின்பிரிவில் வேலை செய்கிறவர். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தொடவில்லை. தெரியாத வேறு வீடாக இருந்தால்? சிறு பிள்ளைகள் சுற்றி நிற்கிற வீட்டில் ஒருவர் ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால்? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். நீங்களே போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவரை எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

கிண்டி போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது இந்த அழைப்புக்கு முன்பா பின்பா என்றே இப்போது குழம்புகிறது, அவ்வளவு அலைச்சல். ‘சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்துட்டா அன்னைக்கே முடிச்சுத் தந்துடுவோம்’ என்று உங்கள் ஆள்தான் சொன்னார். என் கணவர் லீவு போட்டார். பெரம்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற சாலைகளில், அந்தக் கனமான பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கிண்டி தொழிற்பேட்டை வரை போனோம். பாதி வழியில் மழை வேறு. அங்கே கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ‘கன்வெக்‌ஷன் மாடலெல்லாம் வீட்டுக்கு வந்துதான் பாப்போம், யார் உங்கள எடுத்துட்டு வரச் சொன்னது?’ என்றார். உங்கள் கஸ்டமர் கேர்தான் என்றேன். ‘அது வேற டிபார்ட்மென்ட்’ என்றார். அப்புறம் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போய்விட்டார். ஆட்டோவுக்குக் கொடுத்ததையும் ஒரு நாள் சம்பளத்தையும் யார் தருவது? வாசலில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் மட்டும் பெட்டியைத் திரும்ப ஏற்றக் கைகொடுத்தார். அவர் உங்கள் ஊழியராக இருந்தால் அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

எனக்கு நேர்ந்த நஷ்டம் மைக்காவின் விலை இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெரம்பூரில் தெரிந்த குடும்பங்களுக்குப் பிளம் கேக் செய்து தருகிறேன். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ருசி தெரிந்தவர்கள், அவர்களிடம் பெயர் வாங்குவது லேசான காரியம் இல்லை. பல வாரம் முன்பே பழங்களை ஊறவைத்திருந்தேன். ‘ரெடியாகும்வரை ஆன் பண்ணாதீங்க’ என்று நீங்கள் சொன்னதால் ஓவன் மூலையில் கிடந்தது. ஆர்டர் எல்லாம் போனது. ஊறிய பழத்தை என்ன செய்வது? வருடக்கணக்கில் சேர்த்த பெயர் ஒரே சீசனில் மண்ணாகிவிட்டது. இனி யார் என்னை நம்பி ஆர்டர் தருவார்கள்? என் வாழ்க்கையில் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

இத்தனைக்கும் பிறகு நீங்கள் அனுப்பிய பதில், ‘பிசிக்கல் டேமேஜ், வாரண்டி பொருந்தாது’ என்பது. கீறியது உங்கள் ஆள். கீறலுக்குப் பணம் நான் கட்ட வேண்டுமா?

பணிவாகவே கேட்கிறேன். இந்த மாடலை உண்மையிலேயே அறிந்த ஒருவரை, முன்கூட்டி நேரம் சொல்லி, என் வீட்டுக்கு அனுப்புங்கள். மைக்காவை மாற்றித் தாருங்கள். உள்சுவர் கீறல் சரிசெய்ய முடியாதது என்றால் ஓவனையே மாற்றித் தாருங்கள். என்ன கோளாறு, யாரால் வந்தது என்று எழுத்தில் கொடுங்கள். விசிட்டிங் சார்ஜையும் கிண்டி போய்வந்த செலவையும் திருப்பித் தாருங்கள். தமிழில் ஒரு கையேடு அனுப்புங்கள், பயன்படுத்துவதற்கும் சுத்தம் செய்வதற்கும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளில் பதில் வராவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 84ஆவது பிரிவு சொல்கிறது. மூடியைக் கழற்றச் சொன்ன உங்கள் ஊழியரின் பேச்சை அங்கே கட்டாயம் சொல்வேன். பில், சர்வீஸ் சீட்டு, மைக்காவின் போட்டோ, ஆட்டோ ரசீது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

வழக்குப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஓவன் ஓட வேண்டும், அவ்வளவுதான். பகலில் எப்போது வந்தாலும் வீட்டில் இருப்பேன். வருகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: ஓவனைப் பற்றி என்னிடமே பேச வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

இணைப்பு: பில், சர்வீஸ் சீட்டு, ஆட்டோ ரசீது நகல்கள், மைக்கா தகடு, உள்சுவர் கீறல் புகைப்படங்கள்.