இழுத்துக் காட்டு தம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் வீட்டில் நித்திரை இல்லை. தரம் 4 இல் படிக்கும் மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). இரண்டு வருடமாக இன்ஹேலர் பாவித்தும் குறையவில்லை. மருந்து சரியில்லை என்றே நினைத்தோம். போன மாதம் ஒரு தாதி, "எங்கே, இழுத்துக் காட்டு தம்பி" என்றார். அப்போதுதான் விஷயம் வெளித்தது. அடித்த மருந்தில் பெரும்பங்கு வாயிலேயே தங்கிவிடுகிறது. அதுவரை எவரும் அவனை இழுத்துக் காட்டச் சொன்னதில்லை. சரி, நாங்களும் கேட்கவில்லை.

குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமத்தும் அதே நேரத்தில் மெதுவாக ஆழ இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். பெரியவர்களுக்கே கைவராத வேலை இது. அதனால்தான் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற, இன்ஹேலரில் பொருத்தும் குழாய். அதில் ஒருமுறை அமத்திவிட்டு ஐந்தாறு தரம் ஆறுதலாக மூச்செடுத்தால் போதும். சின்னஞ்சிறுசுகளுக்கு முகமூடியும் வேண்டும். தடுப்பு இன்ஹேலர் மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதும் எங்களுக்குப் புதிது. மூச்சு முட்டு வரும்போது எடுக்கும் நீல இன்ஹேலர் வேறு, சுகமாக இருந்தாலும் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து வேறு என்பதையும் அன்றுதான் விளங்கிக்கொண்டோம். "பம்ப் பழகினால் விடாது" என்ற அயலவர் கதையைக் கேட்டு இடையிடையே நிறுத்தியும் இருக்கிறோம்!

வைத்தியர்களே, தாதியரே, கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் செல்லும். பாடசாலைகளிலும் ஓர் ஆசிரியராவது இதைப் பழகியிருக்கட்டும். பிள்ளையின் நீல இன்ஹேலர் அதிபரின் பூட்டிய அலுமாரியில் அல்லாமல் புத்தகப்பையிலேயே இருக்கட்டும்.

ஒரு தாய்,
கோண்டாவில்