அப்பாகூட விடியுற வரைக்கும் இருந்த டிரைவர் அண்ணாவுக்கு

அண்ணா, உங்க பேரு கூட எனக்குத் தெரியாதுங்க. போன மாசம் ராத்திரி 2 மணிக்கு அப்பா நம்பர்ல இருந்து போன், எடுத்தா உங்க குரல். தெலங்கானால அடிலாபாத் தாண்டி ரோட்டோரம் வண்டி நிக்குது, நெஞ்சு வலின்னு உக்காந்திருந்தார், டிஎன் 28னு நாமக்கல் நம்பரப் பாத்துத்தான் நிறுத்தினேன்னீங்க.

அப்பா லாரில சேலத்து ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. 27 வருசமா எங்க நாமக்கல் வழியாப் போற அதே 44ஆம் நம்பர் ஹைவேலதான் அவர் பொழப்பு. என் ஸ்கூல் ஆண்டு விழா ஒண்ணுக்கும் வந்ததில்ல, ஆனா பரீட்சை தேதி எல்லாம் என்னைவிட அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். திரும்பி வர்றப்ப ஒரு பை ஆரஞ்சு, அதுல பாதி நசுங்கிப் போயிருக்கும்.

உங்க லோடு லேட்டானா ஓனர் திட்டுவாருன்னு டிரைவர் வீட்டுப் பொண்ணு எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போய், அவர் உயிர் போறப்ப கையப் புடிச்சுட்டு இருந்தீங்க. அப்புறம் வண்டிய பங்க்ல போட்டு, தார்ப்பாய் கயித்த இறுக்கிக் கட்டி, படிக்காசு, டீசல் பில்லு எல்லாம் எண்ணி ஒரு சீட்டுல எழுதி கேபின்ல வச்சுட்டு, நாங்க வர்றதுக்குள்ள கெளம்பிட்டீங்க. அப்பா சமைக்கிற அடுப்பக் கூட தொடச்சு வச்சிருந்தீங்கண்ணா.

இதப் படிக்கிற டிரைவருங்க யாராச்சும் அவருகிட்ட சொல்லுங்க. நாமக்கல் பக்கம் வந்தா ஒரு கால் பண்ணுங்கண்ணா. அப்பா நம்பர்தான், இப்ப நான் வச்சிருக்கேன்.