பார்க்கிற கடலும் இறங்குகிற கடலும்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய அவா.

மே விடுமுறைக்கு மாப்பிள்ளை, குழந்தை, உன் மாமனார், மாமியார் எல்லாரும் வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ அனுப்பிய மணப்பாட்டுப் படத்தையும் பார்த்தேன். ஒரு நாள் எல்லாரையும் அங்கே கூட்டிப்போய்க் கடலில் குளித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதிப் பேச்சு குழந்தையின் சத்தத்தில் போய்விடும். நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மணப்பாடு நல்ல இடம். ஆனால் முழங்கால் வலியோடு வரும் உன் மாமியாருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஏற்ற இடம் அது இல்லை. படத்தைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுக்காதே. வேனில் யார் யார் ஏறுகிறார்கள் என்று முதலில் பார். நம் பக்கத்தில் பார்க்கிற கடல் வேறு, இறங்குகிற கடல் வேறு.

வரைபடத்தில் பார்த்தால் வேம்பாற்றிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே கடல்தான். கரையில் நின்றால் அப்படி இல்லை. தூத்துக்குடிக்கு வடக்கே ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவின் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மொத்தம் 21 என்பார்கள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பெரிய அலை அங்கேயே உடைந்துவிடுவதால் கரைக்கு வருவது மெலிந்த அலைதான். தெற்கே வர வர அந்த மறைப்பு இல்லை. திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு, உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று போகப் போகக் கரை தென்மேற்காகத் திரும்பி, இந்தியப் பெருங்கடலுக்கு நேராக முகம் கொடுத்துவிடுகிறது. தூத்துக்குடியில் பிள்ளையின் கணுக்காலை நனைக்கிற கடல், உவரியில் பெரிய ஆளையே புரட்டிப்போடும்.

அதனால் குழந்தைக்கு முதலில் தூத்துக்குடியைக் காட்டு. முத்துநகர் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும். பூங்கா இருக்கிறது, அலை சிறியது, அவன் தண்ணீரோரம் உட்கார்ந்து மணலில் விளையாடட்டும். வருகிற வழியில் மக்ரூன் வாங்க மறக்காதே. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டம் உன் மாமனாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு என்றால் திருச்செந்தூர்தான். அவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து நெல்லைக்கு வந்து செந்திலாண்டவனைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். ஞாயிறு, சஷ்டி, கிருத்திகை, வைகாசி விசாகம் ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடு. அன்றைய கூட்டத்தில் உன் மாமியாரின் முழங்கால் தாங்காது. ரயிலிலேயே போங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியின் வயல்களும் வாழைத் தோட்டங்களும் ஜன்னலோரம் கூடவே வரும். நாசரேத் தாண்டினால் பனை. ஆறுமுகநேரியில் உப்பளம். இந்தப் பாதையைக் காரில் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

அங்கே கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, பிறகு தரிசனம் என்பது வழக்கம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைக் குழந்தைக்கு அவசியம் காட்டு. கடல் குளியலில்தான் கவனம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் உள்வாங்கும். பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும். எல்லாரும் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் ஏற வேண்டாம். பாசி வழுக்கும், பாறை விளிம்பு கத்தியாக வெட்டும், உள்ளே போன தண்ணீர் எந்த நேரமும் திரும்பி வரும். சில நாள் சொறிமீன் ஒதுங்கும்; அதன்மேல் கால் பட்டால் அரிப்பும் எரிச்சலும். உன் மாமியார் தலையில் நாலு கை தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும், முருகன் ஒன்றும் குறைவாக எண்ணமாட்டான்.

தரிசனம் முடிந்ததும் அறை எடுத்துப் படுத்து எழுங்கள். மே மாத நண்பகலில் எந்தக் கடற்கரையிலும் ஒருவருக்கும் வேலை இல்லை. சாயங்காலம் காயல்பட்டினத்துக்குப் போங்கள், பக்கம்தான். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்குகிற கடற்கரை அது. அகலமான மணல். கிழக்குக் கரை என்பதால் மாலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கண் கூசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சம்பந்தி அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள். மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இனி மணப்பாடு. பெரியவர்களையும் குழந்தையையும் அம்மாவிடம் விட்டுவிட்டு நீயும் மாப்பிள்ளையும் மட்டும் ஒரு நாள் போய் வாருங்கள். உன் தோழிகள் வந்தாலும் அவர்களுக்கும் இதே வழிதான். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். உடன்குடிப் பக்கம் பனைவிளைகளில் இப்போது பதனீர்க் காலம். காலை எட்டு மணிக்குள் கிடைத்தால்தான் அது பதனீர். வெயில் ஏறினால் சுவை மாறிவிடும். பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டையாகக் கட்டி அதில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, ஓலையின் மடிப்பில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். ஓலையின் பச்சை மணமும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மெல்லிய வாடையும் சேர்ந்து வரும். நுங்கு போட்டுக் கேட்டு வாங்கு. அதற்கு ஈடான காலை உணவு எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் இல்லை.

போகும் வழியில் குலசேகரன்பட்டினம். தசரா நாட்களில் கால் வைக்க இடமிருக்காது; மே மாதத்தில் முத்தாரம்மனை நின்று நிதானமாகக் கும்பிடலாம். அங்கே வரப்போகும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாப்பிள்ளைக்கு இதில் ஆர்வம் உண்டே, சொல். துருவப் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால் இலங்கை குறுக்கே வருவதால் ராக்கெட் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீண். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கி விடலாம், எதிரே வெறும் கடல்தான்.

மணப்பாட்டில் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. 1581-இல் கட்டியது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை கீழே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. குன்றின்மேல் நின்றால் ஒரு பக்கம் விரிந்த கடல், மறுபக்கம் கழிமுகம், நடுவே மணல் திட்டு. நீ அனுப்பிய படம் அங்கிருந்து எடுத்ததுதான். பார், நட, உட்கார். பாறைப் பக்கம் இறங்கிக் குளிக்காதே. பலகை வைத்து அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அங்கே தேடி வருகிறார்கள் என்றால் அலை எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

நேரம் இருந்தால் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டையும் பார்த்துவிட்டு உவரிக்குப் போங்கள். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவில் மாதா கோயில் எல்லாம் ஒரே கரையில். சுயம்புலிங்கர் கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் ஓலைப்பெட்டியில் கடல்மண்ணைத் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள். அந்த மண்ணைக் குனிந்து பார். அலை பின்வாங்கியதும் வெள்ளை மணல்மேல் சிவப்பும் கருப்புமாக வரிவரியாகப் படிந்திருக்கும். சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம். காந்தம் ஒன்று கொண்டுபோனால் சில கருந்துகள்கள் ஒட்டுவதைக் காணலாம்; குழந்தைக்காக ஒரு சிறு பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதே, அந்த மணலை யாரும் எடுக்கக்கூடாது. காலை பத்து மணிக்கு மேல் அது தணலாகச் சுடும், செருப்பைக் கழற்றாதே.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மே மாதத்தில் சூரியோதயம் கிடைக்கும். கடலுக்குள் அஸ்தமனம் காண ஐப்பசியிலிருந்து மாசிக்குள் வர வேண்டும். அலை கூடினால் படகையும் நிறுத்திவிடுவார்கள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் போய் இடிபடுவதைவிட அதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சித்திரை, வைகாசியில் நம் தென்கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் அடித்த புயலின் அலை, சில நாள் பயணம் செய்து நம் கரையில் ஏறுவது அது. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும்; கடல் மட்டும் திடீரென்று பொங்கும். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். படித்த பிள்ளைகள், கல்யாணத்துக்கு வந்த இடத்தில். அந்தச் செய்தியைப் படித்த நாளில் அம்மாவும் நானும் சாப்பிடவில்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தித்தாளிலும் வரும். எச்சரிக்கை வந்த நாளில் கரையில்கூட நிற்காதே.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்துகொள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், குளிக்க வாகான இடம் என்று நினைத்துவிடாதே. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறிய பிறகுதான் கரை திரும்ப வேண்டும். மாப்பிள்ளை ஏரியிலும் நீச்சல் குளத்திலும் நீந்தியவர். அவரிடம் நான் சொன்னதாகச் சொல், தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். எந்த ஊர்க் கடலானாலும் வலை உலர்த்துகிற மீனவர் ஒருவரிடம் "அண்ணாச்சி, இன்றைக்கு இறங்கலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சீலாவும் விளமீனும் அம்மா கேட்ட விலைக்குக் கிடைக்காது. நாட்டுப்படகு மீன் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட் உறுதியானதும் தேதியைத் தெரிவி. பஞ்சாங்கத்தில் அமாவாசையும் சஷ்டியும் பார்த்துத் திருச்செந்தூருக்கு நாள் குறிக்க வேண்டும். வேன்காரரும் விடுமுறைக்காலம் என்பதால் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார். சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா