இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே, அக்கா

ரோம், ஜூன் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் கொண்டுவருகிறவர் முக்காபராத், அதாவது நம் எகிப்து உளவுத்துறை அதிகாரி. நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், அப்புறம் வாங்கி எரித்துவிடுவார். கோபித்துக்கொள்ளாதே, அவர் வேலை அது. அம்மாவுக்கு வழக்கம்போல நேபிள்ஸ் முத்திரையோடு தனிக் கடிதம் வரும்.

நான் இருப்பது இஸ்ரேலில், டெல் அவிவில். ஒரு பயண ஏஜென்சியில் கப்பல் டிக்கெட் விற்கிறேன். அந்தச் சாக்கில்தான் அவ்வப்போது இத்தாலி வர முடிகிறது. 1956 போருக்குப் பிறகு ஒரு பெட்டியும் 20 பவுண்டுமாக நம் அலெக்சாண்ட்ரியாவை விட்டு வந்த யூதர்களில் நானும் ஒருவன் என்றுதான் அங்கே எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஊர் மோசமில்லை. கடற்கரை இருக்கிறது, ஆனால் நம் ஊர்க் கடற்கரைச் சாலை கோர்னிஷ் மாதிரி வராது. ஃபலாஃபல் வடையைக் கொண்டைக்கடலையில் செய்கிறார்கள். ஃபாவா பீன்ஸ் போட்ட நம் தமியாவைத் தின்று வளர்ந்தவனுக்கு அது தொண்டையில் இறங்குமா? பன்றிக்கறித் தொல்லை இல்லை, அவர்களுக்கும் ஆகாது. யூத ஜெபக்கூடத்தில்தான் கஷ்டம். செருப்போடு உள்ளே போக வேண்டும், தலையை மூட வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் வாசலில் என் கை ஷூ கயிற்றைத் தேடும். அவர்களுடைய நோன்பு நாளான யோம் கிப்பூருக்கு ஊரோடு சேர்ந்து பட்டினி இருக்கிறேன். ரமலானில் மட்டும் மத்தியான நேரத்தில், நாலு பேர் பார்க்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

பயம் பழகிவிட்டது. பழகாதது வேறு. என் அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அலெக்சாண்ட்ரியாக்காரர்கள். வசதியாக இருந்தவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள். கோபம் வந்தால் எல்லோருக்கும் நம் அரபிதான். மாதத்தின் முதல் வியாழன் இரவு கெய்ரோ வானொலியில் உம் குல்தூம் பாடும்போது ஒரே வீட்டில் கூடிவிடுவோம். அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, எதிர்வீட்டுக் கிழவர் நம் ஊர் ரம்ல் டிராமை நினைத்து அழுவார். நானும் அழுவேன். என்னை யாரும் சந்தேகப்படாததற்கு அந்த அழுகைதான் காரணம். அதில் துளி நடிப்பு கிடையாது. மேலிடத்துக்கு நான் அனுப்பும் அறிக்கைகளில் இதை எப்படி எழுதுவது, சொல்லு?

போன மாதம் 18ஆம் தேதி டமாஸ்கஸ் மர்ஜே சதுக்கத்தில் இஸ்ரேல் உளவாளி எலி கோஹனைத் தூக்கில் போட்டார்கள். அங்கேயும் பத்திரிகையில் வந்திருக்கும். அவன் நம் ஊரில் பிறந்தவன், அக்கா. கமேல் அமின் தாபெத் என்று பெயர் வைத்துக்கொண்டு, அர்ஜென்டினாவிலிருந்து திரும்பிய சிரிய வியாபாரியாக அதிகாரிகளுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான். குடும்பம் பாட் யாமில் இருக்கிறது, டெல் அவிவுக்குப் பக்கம்தான். எதிர்வீட்டுக் கிழவர் என் தோளில் சாய்ந்து, “நம்ம பையன் போய்ட்டானே” என்று அழுதார். அவன் பிடிபட்டது நம் பக்கத்துக்கு நல்லது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்று ராத்திரி தூங்கவில்லை. உடலைக்கூட வீட்டாருக்குத் தரவில்லையாம். எனக்கு ஒன்று ஆனால் உன்னிடம் யார் வந்து சொல்வார்கள் என்று இந்த அதிகாரியிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

கல்யாணப் பேச்சை எடுக்காதே. நல்ல பெண் ஒருத்தி இருக்கிறாள், ஏஜென்சிக்கு எதிரே கடை. அவளிடம் எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொள்வேன்? விடு.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் இவரிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணி வாங்கிக்கொள். மாமா கேட்டால் நேபிள்ஸ் கம்பெனி போனஸ் கொடுத்தது என்று சொல். தம்பி இத்தாலிக்கு வந்து என்னோடு தங்குகிறேன் என்று எழுதியிருந்தானாமே, அவனை எப்படியாவது தடுத்து வை. இங்கே வேலை கிடைப்பதில்லை, வாடகை அதிகம் என்று எதையாவது சொல்லு.

உன் தம்பி