விறகுக்காகக் காட்டுக்குள் போகும் பெண்களுக்காக: கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வனத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

அஞ்செட்டி, பெட்டமுகிலாலம், தளி பக்கத்து ஊர்களில் கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை விறகில்லாமல் குடும்பம் நடத்த முடியாது. பல வீடுகளில் எரிவாயு இணைப்பு இருந்தாலும், 14.2 கிலோ உருளை தேநீருக்கும் குழம்புக்குமே சரியாகிவிடுகிறது. கேழ்வரகுக் களி கிண்டவும், அண்டாவில் வெந்நீர் காய்ச்சவும், முதியவர்களும் கைக்குழந்தைகளும் இரவில் குளிர் காயவும் நின்று எரியும் கட்டை விறகுதான் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டையைத் தேடி மக்கள் காட்டுக்குள் போகும் நிலையை மாற்றி, மாவட்டத்தில் எப்படியும் வெட்டி அகற்றப்படும் மரங்களில் ஒரு பங்கை ஊர்களுக்கே வழங்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எல்லா மரமும் இதற்கு ஆகாது. உண்ணிச்செடியும் சுள்ளியும் குப்பென்று பற்றி உடனே அணைந்துவிடும். உசிலை, வெள்வேல், வெக்காலி, புளி போன்ற கெட்டி மரங்களே மெல்ல எரிந்து, விடியும்வரை கங்கு காக்கும். உப்புக்கண்டம் போடும் வீடுகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பண்டிகைக்கு வெட்டிய ஆட்டிறைச்சியில் மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். வானம் மூடிக்கொண்டால் அந்தச் சரத்தை அடுப்புக்கு மேலே கொடிகட்டித் தொங்கவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த கெட்டிக் கட்டையின் மெல்லிய புகையில் அது பதமாகக் காயும். ஈரக் கட்டையை வைத்தாலோ, நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு கட்டையிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகி, கரும்புகை எழும்பி இறைச்சியில் கரி படிந்து கசக்கும். அதே புகையைத்தான் அடுப்படியில் நிற்கும் பெண் நாள்தோறும் மூச்சில் இழுக்கிறார் என்பதை நாம் பேசுவதே இல்லை.

விறகு அதிகம் வேண்டிய மாதங்களும் யானைகள் வரும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிடுவதே என் பெருங்கவலை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கி மாசி வரை நம் பக்கம் சுற்றுகின்றன. உண்ணிப் புதருக்குள் நிற்கும் யானை பத்தடி தொலைவிலும் கண்ணில் படாது. சும்மாட்டின்மேல் விறகுக் கட்டை ஏற்றியவர் தலையைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. காலடியில் சருகு நொறுங்கும் ஓசையில் வேறெதுவும் அவர் காதில் விழாது. கூட வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு சுமையைப் போட்டுவிட்டு ஓட எத்தனை நொடி மிஞ்சும்?

காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் சரணாலயக் காட்டில் மரம் எடுக்கக் கூடாது என்ற தடையை மட்டும் சட்டம் பேசவில்லை. சரணாலயத்திலிருந்து அகற்றப்படும் வனப்பொருளை, விற்பனைக்கன்றி, அதற்குள்ளும் சுற்றிலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம் என்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சுள்ளி விறகையும் அடிக்கட்டையையும் சிறு வனமகசூல், அதாவது காட்டில் வாழும் மக்கள் சேகரித்துக்கொள்ள உரிமையுள்ள பொருள், என்றே வகைப்படுத்துகிறது.

விறகுக்குப் பஞ்சமும் இல்லை. நம் ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடுதான் பறிக்க வேண்டும். அப்படிப் பறித்த வேர்முருடும் கட்டையைப் போலவே நின்று எரியும். சாலை விரிவாக்கத்தில் சாயும் புளியமரங்களும் உண்டு. இவற்றை மொத்தமாக ஏலம் விடுவதால் வரும் வருவாயை நான் மறுக்கவில்லை. அதில் ஒரு பங்கு ஊருக்கு ஒதுக்கப்பட்டால் போதும்.

காலம் தவறினால் இந்த உதவியால் பயனில்லை. பச்சைக் கட்டை பிளந்து அடுக்கி ஆறு மாதமாவது காய வேண்டும். ஆகவே மாசி, பங்குனியில் வெட்டி, மே 1 கிராம சபையில் பயனாளிகளை முடிவு செய்து, மழைக்கு முன் ஊராட்சிக் கொட்டகையில் அடுக்கிவிட்டால் கார்த்திகைக்கு விறகு தயாராக இருக்கும். இருளர் குடியிருப்புகளுக்கும், தனித்து வாழும் பெண்களுக்கும், முதியவர்களுக்கும் முதலில் கொடுக்க வேண்டும். வாங்கியதை விற்கக் கூடாது என்றும், காட்டில் பச்சை மரத்தைத் தொடக் கூடாது என்றும், ஆந்தையும் இருவாச்சியும் கூடு கட்டும் பொந்து மரங்களைப் பட்டுப்போனாலும் விட்டுவிட வேண்டும் என்றும் அதே சபையில் தீர்மானம் போடலாம். மூடிய அறைக்குள் கணப்புச் சட்டி வைத்துத் தூங்கினால் அதன் நச்சுக் காற்று உயிரைப் பறிக்கும் என்பதையும் விறகு வழங்கும்போதே அலுவலர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரும் மே 1 கிராம சபைக் கூட்டப் பொருளில் இதைச் சேர்க்கும்படி ஊராட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறும், எந்த ஏரியில் வெட்டிய கட்டை எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்க ஆணையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்செட்டி வட்டத்தில் வசிக்கும் ஒருவர்