படிவத்தில் ஒரு கட்டம்: தமிழ்ப் பாடசாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகத்தினருக்கு,

சனிக்கிழமைகளில் உங்கள் பாடசாலையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவள் நான். போன மாதம் சேர்க்கை நாளில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாற்பது தாண்டிய ஒரு பெண் வந்தார். 1980களில் இலங்கையிலிருந்து இங்கே சுவிஸுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். கூடவே வெள்ளைக்கார அம்மா; சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மகளின் கைப்பையை மடியில் வைத்திருந்தார். படிவத்தில் ‘பெற்றோரின் சொந்த ஊர்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. “எந்த ஊர்?” என்று முதலில் கேட்டதே நான்தான். பழக்கதோஷம். “அது தெரிந்தால் நல்லாயிருக்குமே” என்று பேர்ண் பகுதி ஜெர்மன் பேச்சுவழக்கில் சொல்லிச் சிரித்தார்.

பிறப்புப் பத்திர நகலை எடுத்துக் காட்டினார். அதில் தாயின் பெயர் இருந்தது. அதை நம்பத்தான் முடியாது. காசு வாங்கிக்கொண்டு தாயாக நடித்துப் பிள்ளையைக் கையளித்த பெண்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். 1973 முதல் 1997 வரை 800க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இலங்கையிலிருந்து இங்கே வந்தார்கள். முறைகேடு நடப்பது தெரிந்தும் அதிகாரிகள் சும்மா இருந்ததற்கு சுவிஸ் மத்திய அரசு 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் 2021இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த கையோடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தார்கள். நாமோ கட்டத்தை நிரப்பினால்தான் பதிவு என்றோம்.

“சிங்களப் பிள்ளையாகவும் இருக்கலாமே” என்றார் உங்களில் ஒருவர். இருக்கட்டுமே! அ, ஆ படிக்க டிஎன்ஏ பரிசோதனையா?

ரயிலில் இவரிடம் மட்டும் ஆங்கிலத்தில் டிக்கெட் கேட்பார்களாம். தமிழ்க் கடையில் “தமிழ் தெரியாதா, வெட்கமில்லையா?” என்று கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் இவருடைய சுருட்டை முடிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் ஆட்களிடம் கேட்டுத் தேங்காய் எண்ணெய் பூசப் பழகியவர் அந்த அம்மா. அவரை வைத்துக்கொண்டே “உண்மையான அம்மா யாராம்?” என்று நம்மில் ஒருவர் கேட்டார். நல்லவேளை, தமிழில் கேட்டார், இருவருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சரி, எடுக்க மனமில்லையென்றால் ‘தெரியாது’ என்று எழுதவாவது விடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு தொடக்க வகுப்பும் வேண்டும். நானே எடுக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

போகும்போது தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அம்மாவும் மகளும் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபடி படியிறங்கினார்கள்.

வியாழன் மாலைகளில் மேல்மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. சாவி தந்தால் போதும்.

இப்படிக்கு,
அரிச்சுவடி வகுப்பு ஆசிரியை