மச்சான், ஐயாவின் டேப் என்னிடம்தான் இருக்கிறது

மச்சான்,

வருகிற கிழமை உன் அப்பாவின், எனக்கு ஐயாவின், திவசம். அப்பா தவில் வாசிக்கிற வீடியோ ஏதாவது கிடக்கிறதா என்று உன் தங்கச்சியிடம் சொல்லிக் கேட்டனுப்பியிருந்தாய். கிடக்கிறது. அன்றைக்கு டேப்பிலிருந்து இறக்கிய எம்2டி ஃபைல், ஓரிடமும் வெட்டாமல் அப்படியே. இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்ததற்கு மன்னித்துக்கொள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே, கேளாதவனுக்கு நான் ஏன் வலியப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் வருகிறது. என்னுடைய நம்பர் உன்னிடம் இல்லையா என்ன?

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்பாய். தனியாகப் போட்டால் நீல டிக் வரும், பதில் வராது, அது ஒன்று. மற்றது, கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய கலியாண டேப்புகளை டிஜிட்டல் ஆக்கித் தருகிறோம் என்று வேலை எடுக்கிற தம்பிமார் இப்போதும் 2011இல் நாம் எடுத்த கலியாண டேப்பில் நீ போட்ட பிழைச் செட்டிங்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான். வாசிக்கிறவர்களில் அந்தக் கலியாண வீட்டுச் சொந்தங்களும் இருக்கலாம். ஆகவே எந்த மண்டபம், யார் வீட்டுக் கலியாணம், காசில் என்ன நடந்தது, ஒன்றும் இங்கே வராது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், விடு.

2011இல் நம்மிடம் இருந்த இரண்டு கமராவும் இரண்டு விதமான ஆட்கள். என் கையில் சோனி இசட்1, எச்டிவி டேப், 1080 கோடு, 50ஐ, அதாவது நொடிக்கு 50 அரைப் படம். உன் கையில் புதிதாக வாங்கிய கனொன் 550டி, 1080, 25பி, அதாவது நொடிக்கு 25 முழுப் படம். நீ அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சாப்பாட்டுப் பந்தியிலும் கழுத்தில்தான் தொங்கும். ஆனால் உனக்குக் கண் இருந்தது மச்சான், அதை மறுக்கமாட்டேன். கூறைச்சேலை உடுத்திக்கொண்டு பெண் திரும்பி வருகிற நேரம் 50 மில்லிமீற்றர் லென்ஸில் நீ எடுத்தது மாதிரி இன்றைக்கும் என்னால் எடுக்க முடியாது. கலியாண வீடியோ சினிமா மாதிரி இருக்க வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தில் என்னுடைய டேப்பையும் சினிமா ஆக்கப் பார்த்தாயே, அதுதான் பிரச்சினை.

கெட்டிமேளத்துக்கு நீ மணவறைக்குள் நின்றாய். நான் முக்காலியை மேளக்காரர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஐயா அன்றைக்கு வாசித்தார் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வேலை முடிகிற நேரம், டொக்டரைப் பார்க்க வந்த ஐயா, வந்த காலோடு நம்முடைய மாடி அறைக்கும் ஏறி வந்தார். இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார், சத்தம் கேட்டது. நீ எழும்பிப் போய்க் கையைப் பிடிப்பாய் என்று பார்த்தேன், நீ ரெண்டர் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, அதை விடு. பிளாஸ்டிக் கதிரையைத் திரைக்கு நேரே இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். தாலி ஏறுகிற இடத்தை நீ ஓட்டிக் காட்டினாய். தன்னுடைய ஷொட் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். "இது என்ர கையோ? ரெண்டாத் தெரியுது," என்றார்.

"கொம்பியூட்டரில அப்பிடித்தான் அப்பா, டீவியில போட்டா வடிவா வரும்," என்று நீ சொன்னாய். மூலையில் இருந்த பழைய பெட்டி டீவியில் டிவிடியைப் போட்டோம். அதிலும் இரண்டுதான். வலது கை விரல்கள் ஓரிடத்திலும் அவற்றின் நிழல் இன்னோரிடத்திலுமாக, அடி விழுகிற கணம் எதுவென்றே பிடிபடவில்லை. ஐயா தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு, "நான் இப்பிடி வாசிக்கேல்லைத் தம்பி," என்றார். உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரே இருந்து கேட்ட மனுசன், தன்னுடைய கையைப் பற்றித் தனக்கே சந்தேகம் வந்த மாதிரி கேட்கிறார். அந்த நேரத்தில்தான் சொன்னேன்: "ஐயா வாசிச்சது சரி, உங்கட மகன் போட்ட செட்டிங்தான் பிழை."

அவருக்கு முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்கு அல்ல. ஐயா அந்தப் படியால் இறங்கிப் போகும்போது தன்னுடைய வாசிப்பில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார், அதை நான் எப்படி விடுவது? ஆனால் உன் முகம் போன விதத்தையும் பார்த்தேன். நீ வெளியே போய்க் காலி வீதிப் பக்கம் நின்ற நேரம் ஐயா என்னிடம் வேறொன்றும் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன்.

செட்டிங் என்ன என்று தம்பிமாருக்காக ஒரு தரம் எழுதிவிடுகிறேன், நீ வேண்டுமென்றால் தாண்டிப் போ. 50ஐ என்றால் நொடிக்கு 50 ஃபீல்ட், ஒவ்வொன்றிலும் பாதிக் கோடுகள்: 1080இல் 540. அடுத்தடுத்த இரண்டு ஃபீல்டும் ஒரே பிரேமுக்குள் இருந்தாலும் அவை ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஓடியிருக்கும். அசையாத மண்டபத்தில் இது தெரியாது. கெட்டிமேளத்தில் தவில்காரரின் கை அந்த நேரத்துக்குள் எங்கேயோ போய்விடும், ஆகவே பிரேமை நிறுத்திப் பார்த்தால் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லு. பழைய பெட்டி டீவி ஒரு ஃபீல்டைக் காட்டிவிட்டு மற்றதைக் காட்டும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வகையில் நீ ஐயாவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. ஃபீல்டுகளைத் தொடாமல் விட்டிருந்தால் டீவியில் வடிவாகத்தான் வந்திருக்கும்.

நீ தொட்டாய். புரொஜெக்டுக்குள் முதலில் 550டி கிளிப்பைப் போட்டு, அதிலிருந்தே சீக்குவன்ஸை, அதாவது எடிட் பண்ணுகிற டைம்லைனை, திறந்தாய். அது 25பி, ஃபீல்ட் இல்லாதது. அத்தோடு நின்றிருந்தாலும் மென்பொருள் என் டேப்பில் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்து, இருக்கிற பாதிக் கோடுகளை வைத்து மிச்சத்தை நிரப்பியிருக்கும். படம் கொஞ்சம் மங்கும், அசைவில் பாதி போய்விடும், ஆனால் கை ஒன்றாகவே இருந்திருக்கும். மங்கல் உனக்குப் பிடிக்கவில்லை. கிளிப்பை எப்படி வாசிப்பது என்று மென்பொருளுக்குச் சொல்கிற இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் போய் என்னுடைய எல்லாக் கிளிப்பையும் "நோ ஃபீல்ட்ஸ்" என்று மாற்றினாய். கூர்மை வந்தது, சீப்புப் பல்லும் அப்படியே பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு டிவிடிக்காக 1080 கோட்டை 576 ஆகச் சுருக்கினாய். இரண்டு ஃபீல்டின் கோடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த பிறகு ஃபீல்டுகளை முழுப் பிரேம் ஆக்குகிற எந்த டீஇன்டர்லேஸரும் அதைப் பிரிக்காது, இன்றைக்கு வந்திருக்கிற எதுவும்கூட. உன் வீட்டில் இருக்கிற டிவிடியைக் கொண்டு யாராவது திருத்தித் தருகிறேன் என்றால் காசைக் கொடுத்துவிடாதே.

நான் அன்றைக்குக் கத்தியது ஒன்றுக்காகத்தான்: சீக்குவன்ஸை 1080, 50ஐ, அப்பர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட் (மேல் கோட்டு ஃபீல்ட் முதலில்) என்று வை. உன்னுடைய 25பி அதற்குள் எந்தச் சேதமும் இல்லாமல் இருக்கும், அதன் பிரேம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டும் ஒரே கணம் என்பதால் உன் சினிமா சினிமாவாகவே தெரியும். என் 50ஐ உன் 25பி-க்குள் அப்படி இராது. "நீ பழைய டீவி ஆள்" என்றாய். சிரித்தவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் இதை வாசிப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் 50ஐ என்று நம்பவும் கூடாது, அதிலும் ஒரு குழி இருக்கிறது. கனொனின் ஏவிசிஎச்டி வகைக் கமராக்களில் பிஎஃப்25 என்று வைத்தால் படம் புரோகிரெசிவ்தான், ஃபீல்ட் இல்லாத முழுப் பிரேம்தான், ஃபைல் மட்டும் தன்னை 50ஐ என்று சொல்லும். அதைப் போய் டீஇன்டர்லேஸ் பண்ணினால் இருக்கிற கூர்மையைச் சும்மா இழப்பாய். அப்போது "நோ ஃபீல்ட்ஸ்" என்பதுதான் சரி. ஃபைல் சொல்வதை விட்டு, யாராவது கையை வீசுகிற பிரேமை நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. எச்டிக்கு முந்தின மினிடிவி டேப் என்றால் லோவர் ஃபீல்ட் முதலில், எச்டிவி என்றால் அப்பர். மாறினால் ஆள் ஒரு எட்டு முன்னால் வைத்து அரை எட்டுப் பின்னால் இழுபடுவார். 

இப்போது நான் செய்தது இதுதான். எம்2டியை க்யூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸரில் போட்டு ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் பிரேம் ஆக்கினேன், நொடிக்கு 50 பிரேம், புரோகிரெசிவ். மெதுவான வேலை, இரவில் ஓடவிட்டுப் படுத்தேன். யூடியூபில் போட எண்ணினாலும் இதையே போடு, இன்டர்லேஸாக ஏற்ற வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஐயாவின் கை தெரிகிறது மச்சான். தவிலின் வலது முகமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஒவ்வொன்றாக விழுவது தெரிகிறது, இடது கையில் கழி இடது முகமான தொப்பியில் பட்டுத் திரும்புவது தெரிகிறது. தாலி ஏறி முடிந்ததும் நாதஸ்வரக்காரரைப் பார்த்து ஒரு தலையாட்டு. அந்தத் தலையாட்டை அன்றைக்கு நாம் இருவரும் கவனிக்கவே இல்லை. அதற்குச் சற்று முன்னால் ஒரு தடியன் 550டியைத் தூக்கிக்கொண்டு என் ஃபிரேமுக்குக் குறுக்கே ஓடுகிறான். ஐயா வாசித்துக்கொண்டே அவனைக் கண்ணால் பின்தொடர்கிறார், முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த இடத்தை வெட்டவில்லை. வெட்டியிருக்கலாம், நீ எனக்குச் செய்தவற்றுக்கு.

இரண்டு ஃபைல் அனுப்புகிறேன். ஒன்று தொடாத எம்2டி, டேப் அளவில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 11 ஜிபி, 1440க்கு 1080, பிக்சல் விகிதம் 1.33, அப்பர் ஃபீல்ட். அதை அழிக்காதே, நாளைக்கு இதைவிட நல்ல டீஇன்டர்லேஸர் வந்தால் அதுதான் உதவும். மற்றது 50பி எம்பி4. திவசத்துக்குப் போட்டோக்களோடு சேர்த்து ஏதாவது செய்வதென்றால் டைம்லைனை 50இல் திற. 25இல் திறந்தாயானால் எனக்குச் சொல்லாதே.

உன்னிடம் 550டி கார்டின் கிளிப்புகள் இருக்கும், நீ ஒன்றையும் எறிகிற ஆள் இல்லை. தாலி ஏறுகிற துண்டை எனக்கு அனுப்பு. 50பி டைம்லைனில் அதன் பிரேம் ஒவ்வொன்றும் இரண்டு தரம் நிற்கும், வேறொன்றும் ஆகாது, இரண்டு கமராவையும் ஒழுங்காகச் சேர்த்து அம்மாவுக்கு முழுதாக ஒன்று செய்து தருகிறேன். சத்தத்தை மட்டும் என்னுடைய டேப்பிலிருந்துதான் எடுப்பேன். உன் கமரா தவில் அடி விழுந்ததும் ஒலியைத் தானே இறக்கிவிட்டுப் பிறகு தானே ஏற்றும், கெட்டிமேளத்துக்கு அது சரிவராது.